மாதிரி ரயில் அமைப்பவர்கள் எதைத் தேடி வருகிறார்கள்?

ராட் ஸ்டூவர்ட்டைப் பாடகராகப் பலருக்கும் தெரியும். 2019இல் அவர் வேறொன்றையும் வெளியே காட்டினார். லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டின் மேல்தளத்தில் 124 அடி நீளம், 23 அடி அகலத்தில் அவர் எழுப்பியிருந்த மாதிரி ரயில் நகரம் அது. 1940களின் அமெரிக்க நகரம் ஒன்று அங்கே நின்றது: உயர்ந்த கட்டடங்கள், கிடங்குகள், பாலங்கள், தெருவோர அழுக்கு உட்பட. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்த வேலை. கச்சேரிச் சுற்றுப்பயணம் போகும்போதும் சாமான்களைக் கூடவே எடுத்துப்போய், ஹோட்டலில் அதற்கென்று தனி அறை போட்டுக் கட்டடம் செய்திருக்கிறார். மின்சார வேலை மட்டும் தனக்கு வராது, அதை வேறொருவர் செய்து கொடுத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இனி அமெரிக்காவின் இன்னொரு கோடிக்குப் போவோம். எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். அதில் ஒரு குழுவுக்கு மேசைக்கு மேலே இருந்த மலையும் மரமும் பெரிதாகப் படவில்லை. அவர்கள் கிடந்தது மேசைக்கு அடியில். தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலே என்ற மின்சுவிட்சுகளையும் கம்பிகளையும் பின்னிப் பின்னி, தொலைபேசி டயலைச் சுற்றி ரயிலை இயக்கும் ஏற்பாட்டைக் கட்டினார்கள். 'ஹேக்' என்ற சொல் கணினி உலகத்துக்குள் வந்த வழிகளில் முக்கியமானது இந்தச் சங்கம். ஆரம்பகாலக் கணினி விளையாட்டுகளில் ஒன்றான 1962இன் 'ஸ்பேஸ்வார்'ஐ எழுதிய ஸ்டீவ் ரஸ்ஸலும் இந்தச் சங்கத்துப் பையன்தான்.

ஒருவருக்கு மின்கம்பி வேண்டாம், நகரம் வேண்டும். மற்றவர்களுக்கு நகரம் வேண்டாம், மின்கம்பி வேண்டும். இரண்டுக்கும் வெளியே ஒரே பெயர். இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பேன். எந்த இன்ஜின் வாங்குவது, எந்தத் தண்டவாளம் நல்லது என்பதெல்லாம் அப்புறம். நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பது தெளிவானால் மற்ற முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும்.

காரணங்களைப் பார்ப்பதற்கு முன்னால் அளவுகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். மாதிரி ரயில் என்பது உண்மையான ரயிலைக் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்வது. இந்த விகிதத்தை ஸ்கேல் என்பார்கள். உலகில் அதிகம் புழங்குவது எச்.ஓ.: உண்மையில் 87 மீட்டர் இருப்பது இங்கே ஒரு மீட்டர். அதைவிடச் சிறியது 'என்' (N) ஸ்கேல், 160இல் ஒரு பங்கு. பெரிய பக்கம் போனால் ஓ ஸ்கேல், அமெரிக்காவில் 48இல் ஒரு பங்கு. தோட்டத்தில் ஓடவிடும் ஜி வகை இன்னும் பெரியது.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. நம் ஊர் ஐ.சி.எஃப். பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். எச்.ஓ.வில் அது ஏறக்குறைய 24.5 செ.மீ., 'என்' ஸ்கேலில் 13 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இருபது பெட்டி எக்ஸ்பிரஸை எச்.ஓ.வில் முழுசாகச் செய்தால், இன்ஜின் இல்லாமலே 16 அடி வந்துவிடும். அது ஒரு ஸ்டேஷனில் நின்று இன்னொரு ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் நம் ஃப்ளாட்டின் ஹால் போதாது. ஆசை என்ன என்று தெரியாமல் ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தால் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். பலகை, தண்டவாளம், ஊர், மலை எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு லேஅவுட் என்று பெயர். கட்டுரை முழுக்க அப்படியே சொல்லுகிறேன்.

சரி, காரணங்களுக்கு வருவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சமும் தெரியாத காரணம் ஒன்று இருக்கிறது. என் மனம் அதிகம் சாய்வதும் அதன் பக்கம்தான். ரயிலை ஓட்டுவது வேறு, ரயில்வேயை நடத்துவது வேறு. வட்டமாகத் தண்டவாளம் போட்டு வண்டியைச் சுற்றவிட்டால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். உண்மையான ரயில்வே எதற்காக இருக்கிறது? சரக்கையும் ஆட்களையும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. அந்த வேலையையே மாதிரியிலும் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு ஆப்பரேஷன் என்று பெயர்.

நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஃபிராங்க் எலிசன் இதை ஊன்றிச் சொன்ன முன்னோடி. 1930, 40களில் 'டெல்டா லைன்ஸ்' என்ற ஓ ஸ்கேல் லேஅவுட்டை நடத்தியவர். மேடை நாடகத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதால் லேஅவுட்டையும் நாடகமாகவே பார்த்தார்: ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை. அவர் எழுதியதைப் படித்த பிறகு பலர் வட்டம் போடுவதை விட்டுவிட்டு அட்டவணை போட ஆரம்பித்தார்கள்.

ஒரு ஆப்பரேஷன் கூட்டம் எப்படி நடக்கும்? ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் ஒரு அட்டை உண்டு. அட்டையின் பையில் ஒரு சீட்டு செருகியிருக்கும்: எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு. உங்கள் கையில் ஒரு கூட்ஸ் வண்டியும் அதற்கான அட்டைக் கட்டும் தருவார்கள். வழியில் உள்ள மாவு மில்லில் இரண்டு காலிப் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும், மர டிப்போவில் ஏற்றி முடித்த ஒன்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் ஒற்றைப் பாதை; எதிரே பாசஞ்சர் வருகிறது. இன்னொரு அறையில் ரயில்களைக் கண்ணாலேயே பார்க்காமல் காகிதத்தையும் தொலைபேசியையும் மட்டும் வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் சொன்னால்தான் நீங்கள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனை விட்டு வெளியே வரலாம்.

சுவரில் உள்ள கடிகாரம்கூட வேறு வேகத்தில் ஓடும். லேஅவுட்டில் அடுத்த ஊர் சில அடி தூரத்தில் இருப்பதால், உண்மையான நேரத்தை வைத்தால் பயணமே இல்லாமல் போகும். அதனால் நான்கு மடங்கு வேகமாக ஓடும் கடிகாரம் வைப்பார்கள். ஒரு முழு நாளின் ரயில் போக்குவரத்து ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிலர் வாழ்நாளில் ஒரு மரம்கூடச் செய்ததில்லை. செய்ய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

இதை அனுபவித்துப் பார்க்கப் பெரிய அறை வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் ஆலன் ரைட் என்பவர் உருவாக்கிய 'இங்கிள்நூக் சைடிங்ஸ்' ஏறக்குறைய நாலடிப் பலகையில் அடங்கும். மூன்று தடங்கள். ஒன்றில் ஐந்து வண்டி நிற்கலாம், மற்ற இரண்டில் மூன்று மூன்று. மூன்று தடமும் சேர்கிற முனையில், இன்ஜினும் மூன்று வண்டியும் நிற்கிற அளவுக்கு மட்டும் இடம். மொத்தம் எட்டு வண்டிகள். எட்டுச் சீட்டைக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். வந்த வரிசைப்படியே அந்த ஐந்தையும் நீளமான தடத்தில் கோத்து நிறுத்த வேண்டும். விதி இவ்வளவுதான்.

கேட்க எளிது. இன்ஜினைக் கையில் எடுத்ததும் சிக்கல் தெரியும். வேண்டிய வண்டி தடத்தின் கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கும். எடுக்க வேண்டுமானால் முன்னால் நிற்பவற்றையும் சேர்த்து இழுக்க வேண்டும். நான்காக இழுத்தால் தடம் பிரியும் பாயிண்டைத் தாண்ட இடம் இல்லை. இழுத்ததை வைக்கலாம் என்று பார்த்தால் அடுத்த தடம் நிறைந்திருக்கும். ஏற்கனவே கோத்து வைத்ததைக் கலைக்க மனசு வராது. கலைத்தால்தான் வழி பிறக்கும். எட்டு வண்டியில் ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 விதம் இருக்கிறது, அதனால் அதே புதிர் மறுபடி வருவது அபூர்வம். ரயில் யார்டில் பெட்டிகளை மாற்றி அடுக்கும் ஷண்டிங் வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கும் யாருக்கும் இது பிடித்துப்போகும். சதுரங்கம் ஆடுகிற மனசு உள்ளவர்கள் இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

இன்னொரு கூட்டத்துக்கு ஓடுவதே முக்கியமில்லை. ரயில் நின்றாலும் பரவாயில்லை, உண்மையாகத் தெரிய வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த புது வேகன் பிளாஸ்டிக் பளபளப்போடு இருக்கும். உண்மையான வேகன் அப்படியா இருக்கிறது? அதை வெயிலிலும் மழையிலும் கிடந்ததுபோல ஆக்குவது ஒரு தனிக் கலை. கறுப்பும் பழுப்பும் கலந்த சாயத்தை ஆல்கஹாலில் நீர்க்கக் கரைத்துப் பூசினால் பலகை இடுக்குகளிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் அது தேங்கும். காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். மழைநீர் வழிவது அப்படித்தானே! பக்கவாட்டில் இழுத்தால் அத்தனையும் பொய்யாகிவிடும். சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் தூசி, அதற்குத் துருவின் செம்பழுப்பு. சாக்பீஸ் போன்ற வண்ணக் கட்டியைத் தேய்த்துத் தூளாக்கித் தடவுவார்கள். நீராவி இன்ஜின் என்றால் புகைபோக்கியை ஒட்டிக் கரி, தண்ணீர் ஊற்றும் வாய்க்குக் கீழே வெள்ளையாக உப்புக் கறை. இதையெல்லாம் செய்கிறவர் உண்மையான ரயிலைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஜன்னலுக்குக் கீழே வழிந்த கறையின் நிறத்தைக் கவனிக்க ஆரம்பிப்பார். எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் பெரிய கொடையாகத் தோன்றுவது இது.

இந்தக் கலையில் யாரும் மறக்காத பெயர் ஜான் ஆலன். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்ற கற்பனை ரயில்வேயை எச்.ஓ.வில் கட்டினார். தரையிலிருந்து கூரை வரை எழும் மலைகள், ஆழமான பள்ளத்தாக்கின் மேல் பாலங்கள், தூரத்தை நீட்டிக் காட்டக் கண்ணாடிகள். புகைப்படக் கலைஞர் என்பதால் எந்தக் கோணத்தில் ஒளி எப்படி விழும் என்று தெரிந்தே செய்தார். வண்டிகளுக்கும் வீடுகளுக்கும் பழமை ஏற்றுவதைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். யார்டில் ஷண்டிங் செய்ய இன்ஜினுக்குப் பதில் ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரை வைத்திருந்தார்! இல்லாத ஊர், இல்லாத ரயில்வே, அதற்கு முழு உரிமையோடு அவர் வைத்ததே சட்டம். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து லேஅவுட்டின் பெரும்பகுதி அழிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள்தான். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டே இந்தப் பக்கம் வந்தவர்கள் ஏராளம்.

ஜான் ஆலன் கட்டியது, எங்கும் இல்லாததை. இருந்து போனதைக் கட்டியவர்களும் உண்டு. ராய் இங்கிலண்ட் என்ற ஆஸ்திரேலியர் 1925இல் இங்கிலாந்துக்கு வந்தார். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கின் கூரை வீடுகள் அவர் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தன. வைக்கோல் கூரை போய் வேறு கூரை வந்தது. அளந்து, குறித்து, அட்டையில் வெட்டி அந்த வீடுகளைக் காப்பாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார். அவர் தொடங்கியதுதான் இன்று லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம். வீட்டுச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லையும் அட்டையில் கீறி, நீர்வண்ணத்தால் தனித்தனியாகச் சாயல் மாற்றித் தீட்டியிருப்பார்கள். தோட்டத்தில் முட்டைக்கோஸ்கூட வரிசையாக இருக்கும். ரயிலும் ஓடுகிறது. ஆனால் அங்கே மையம் ரயில் இல்லை, 1920, 30களின் ஒரு நாட்டுப்புறம். அந்தக் காலத்து நாட்டுப்புறத்தை ரயில் இல்லாமல் காட்ட முடியாது, அதனால் ரயில்.

நம்மில் பலருக்கும் புரியக்கூடிய காரணம் இது என்று நினைக்கிறேன். மீட்டர்கேஜ் பாதையைப் பிடுங்கி அகலப்பாதை போட்டபோது எத்தனையோ சின்ன ஸ்டேஷன்கள் அடையாளம் தெரியாமல் போயின. ஓட்டுக் கூரை, கைகாட்டிச் சிக்னல், மர பெஞ்சு. அவற்றை அளந்து வைத்தவர்கள் குறைவு. அளவும் புகைப்படமும் இருந்தால் ஒரு ஸ்டேஷனை அட்டையில் திரும்ப எழுப்பலாம்.

இரும்பைக் கையால் செய்து பார்க்கும் ஆசை இன்னொரு வகை. வால்ட் டிஸ்னிக்கு இருந்தது அது. 1950இல் தன் வீட்டுத் தோட்டத்தில், எட்டில் ஒரு பங்கு அளவில், உண்மையாகவே நிலக்கரி எரித்து நீராவியில் ஓடும் 'கரோல்வுட் பசிபிக்' ரயிலை ஓடவிட்டார். மேலே உட்கார்ந்து போகலாம். இன்ஜினுக்கு மனைவி லில்லியனின் பெயரைத் தழுவி 'லில்லி பெல்' என்று பெயர். மனைவியின் பூந்தோட்டம் கெடாமல் இருக்க அதற்கு அடியில் 90 அடி சுரங்கம் தோண்டினார்கள். பட்டறையில் தொழிலாளர்களோடு நின்று தகரம் வெட்டக் கற்றுக்கொண்டவர், ரயிலின் கடைசிப் பெட்டியைத் தானே செய்தார். ஐந்து ஆண்டுகள் கழித்துத் திறந்த டிஸ்னிலேண்டைச் சுற்றியும் ஒரு ரயில் ஓடுகிறது.

பாடகர் நீல் யங்கின் காரணம் இவை எதிலும் சேராது. அவருடைய மகன் பென்னுக்குப் பிறவியிலேயே மூளை வாதம். கையால் நுணுக்கமான வேலை செய்ய இயலாது, பேச்சும் இல்லை. தந்தையும் மகனும் சேர்ந்து ரயில் விளையாட வேண்டும் என்பதற்காகப் பெரிய பொத்தானை அழுத்தினாலே ரயிலைக் கட்டுப்படுத்தும் வழிகளை யங் தேடினார். அந்தத் தேடல் கம்பியில்லாக் கட்டுப்பாட்டு முறையாக வளர்ந்து லயனல் நிறுவனத்தின் ரயில்களில் விற்பனைக்கே வந்தது. 1995இல் அந்த நிறுவனத்தை வாங்கிய முதலீட்டாளர்களில் அவரும் ஒருவர். மலை எப்படி இருக்கிறது, அட்டவணை சரியா என்ற கேள்விகளெல்லாம் இங்கே வராது. மகன் அழுத்தினான், ரயில் நகர்ந்தது. அது போதும்.

துணைக்காக வருகிறவர்கள் வேறு விதத்திலும் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆளுக்கொரு பலகையை வீட்டில் செய்து, ஒரு நாளில் பெரிய கூடத்தில் கொண்டுவந்து ஒட்டுவார்கள். பலகையின் இரு முனைகளும் ஒரே விதிப்படி இருக்க வேண்டும். நடுவில் உங்கள் இஷ்டம். முகம் தெரியாத ஒருவர் செய்த ஊரிலிருந்து கிளம்பிய வண்டி உங்கள் ஊருக்குள் வந்து நிற்கும். சேகரிப்பவர்களும் உண்டு. மார்க்லின், லயனல், ஹார்ன்பி போன்ற பழைய பெயர்களின் தகர ரயில்களைப் பெட்டியோடு வைத்திருப்பார்கள், ஓட்ட மாட்டார்கள். அட்டைப் பெட்டி கிழியாமல் இருந்தால் விலை ஏறும்.

ஒரே சங்கத்தில் இத்தனை விதமானவர்கள் இருந்தால் உரசல் வராமல் இருக்குமா? மாதிரி இன்ஜினில் ஆணி எண்ணிக்கை சரியில்லை என்று குறை சொல்கிறவர்மேல் மற்றவர்களுக்குக் கோபம். 1950இன் இன்ஜினுக்குப் பின்னால் 1980இன் பெட்டியை மாட்டுகிறவர்மேல் அவருக்குக் கோபம். இரண்டு பேரும் தவறு செய்யவில்லை. முதலாமவர் வரலாற்றைக் காக்கிறார், இரண்டாமவர் ரயில் ஓடுவதைப் பார்த்து மகிழ்கிறார். புதிதாக வருகிறவர் இந்த வாதத்தில் மாட்டிக்கொண்டு, தனக்குத் தேவையே இல்லாத தரத்துக்காகப் பணத்தையும் உற்சாகத்தையும் இழப்பதுதான் வருத்தமான விஷயம்.

இப்போது தேர்வு கொஞ்சம் சுலபமாகும். நீளமான ரயில் மலையைச் சுற்றிப் போவதைப் பார்க்க ஆசை என்றால் 'என்' ஸ்கேல். சின்ன இடத்தில் பெரிய நாடு கிடைக்கும். துருவும் கறையும் தீட்ட ஆசை என்றால் எச்.ஓ. அல்லது அதைவிடப் பெரியது. ஒரே ஒரு வேகனும் ஒரு சாண் தண்டவாளமும் போதும், மோட்டாரே வேண்டாம். ஷண்டிங் என்றால் மேலே சொன்ன நாலடிப் பலகை. மின்னணுவில் ஆசை என்றால் ஒற்றை வட்டத்தில் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவதிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் தனி எண் கொண்ட சில்லு இருக்கும். தண்டவாளத்தில் மின்சாரத்தோடு சேர்ந்து வரும் கட்டளையில் தன் எண்ணுக்கானதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். எதில் ஆசை என்றே தெரியவில்லையா? புனேயில் 1998இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகிற வாய்ப்பு வந்தால், எதன் முன்னால் அதிக நேரம் நிற்கிறீர்கள் என்று கவனியுங்கள்: ஓடும் ரயிலா, சிக்னலா, ஊரா?

இந்திய ரயிலைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. கொண்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்காக வந்தது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் ஓட்டினால் பெட்டி சரியான அளவிலும் பாதை மட்டும் ஒடுங்கியும் தெரியும். ஓட்டுவதற்காக வருகிறவர் இதைக் கண்டுகொள்ள மாட்டார், கண்டுகொள்ளவும் வேண்டாம். துல்லியத்துக்காக வருகிறவர் தண்டவாளத்தையே கையால் போட வேண்டியிருக்கும்.

மீட்டர்கேஜ் பக்கம் போனால் அதிர்ஷ்டம் உண்டு. 1,000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5; சுவிஸ் மலை ரயில்களுக்காக 12 மி.மீ. அகலத்தில் எச்.ஓ.எம். என்ற வகை விற்பனையில் இருக்கிறது, வித்தியாசம் கண்ணில் படாது. ஊட்டி மலை ரயிலும் மீட்டர்கேஜ்தான். அதன் பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைச் செய்ததும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை. பற்சக்கரப் பாதையும் அந்தச் சுவிஸ் மாதிரிகளுக்காகக் கிடைக்கிறது. கல்லாறுக்கு மேலே ஏறும் பாதையைச் செய்ய ஆசைப்படுகிறவர் அடித்தளத்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். நீலமும் கிரீமும் தீட்டிய பெட்டிகளையும், குன்னூர் ஸ்டேஷனையும், யூகலிப்டஸ் மரங்களையும் அவரேதான் செய்ய வேண்டியிருக்கும்.